விரல் திறக்கும் மடை

"கேம் ஆடும்போது கை வேர்த்தா டச் கண்டபடி ஓடுது சார். எங்கப்பா வயல்லேருந்து வந்து அதே போனைத் தொட்டா டச் எடுக்கவே மாட்டேங்குது. உடம்புச் சூட்டை வச்சுத்தான் டச் வேலை செய்யுதா?"

மன்னார்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியிலேயே பாதி ஆராய்ச்சியைச் செய்துவிட்டார். ஒரே போன், இரண்டு கைகள், இரண்டு விதமான கோளாறு. கூடவே வேறு சில கேள்விகளையும் அனுப்பியிருக்கிறார். அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

உங்களுக்குப் பிடித்த கேம் எது? ஆடுபுலி ஆட்டம். சார்ஜ் தேவையில்லை, கோயில் மண்டபத் தரையில் கட்டம் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பிங், அதாவது நம் அசைவு கேமின் சர்வருக்குப் போய்ப் பதில் வர ஆகும் நேரம், ஏன் குறையவே மாட்டேன் என்கிறது? சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் உங்கள் ஒவ்வொரு அசைவும் சென்னை போய், அங்கிருந்து கடலடிக் கேபிளில் போக வேண்டும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் போட்ட ஒரு கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போக 16 மில்லிநொடி, வர 16, ஆக 32. இதற்குக் கீழே எந்த 'கேமிங் மோட்' போட்டாலும் இறங்காது. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் டவரில் நெரிசல், வைஃபை, வழியில் இருக்கும் கருவிகள்.

போனின் பின்னால் ஒட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் வாங்கலாமா? வேண்டாம். அது உண்மையிலேயே ரேடியோ அலையைத் தடுத்தால் போனுக்கு டவர் கிடைக்காது. கிடைக்காத டவரைப் பிடிக்க போன் இன்னும் அதிக சக்தியில் அலையை அனுப்பும். தடுக்காவிட்டால் அது வெறும் காகிதம். எப்படிப் பார்த்தாலும் காசு தண்டம். பயத்தை விற்றுப் பிழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, டச்சுக்கு வருவோம். சூடு காரணமே இல்லை. ஃபிரிட்ஜில் வைத்த பூவன் பழம் ஒன்றைக் கையில் பிடித்து, அதன் நுனியால் திரையைத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும். தென்கொரியாவில் 2010 குளிர்காலத்தில் கையுறையைக் கழற்ற மனமில்லாதவர்கள் சாசேஜ் என்ற இறைச்சிக் குழலால் போனை இயக்கியதாகச் செய்தி வந்தது. பழத்துக்கும் இறைச்சிக்கும் நம் விரலுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: உள்ளே உப்புக் கரைந்த தண்ணீர், அதாவது மின்சாரம் கடத்தும் பொருள்.

திரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் ஓடுகின்றன. நெடுக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும். நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் அவை சந்திக்கும் இடம் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மின்தேக்கி. பள்ளியில் படித்த அதே மின்தேக்கிதான், அளவு மட்டும் ஒரு பிக்கோஃபாரட், அதாவது ஒரு ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, என்ற அளவில் இருக்கும்.

நெடுக்குக் கோடு ஒன்றில் மின்துடிப்பு கொடுத்தால், சந்திப்புகள் வழியாகக் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மின்னேற்றம் போய்ச் சேரும். அப்போது கோடுகளுக்கு நடுவே உண்டாகும் மின்புலம் கண்ணாடிக்கு மேலேயும் சிறிது பொங்கி வழியும். அங்கே விரல் வந்தால், வழிந்ததில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்து, உடம்பு வழியாகப் பூமிக்கு அனுப்பிவிடும். வாய்க்காலில் வரும் தண்ணீரை நடுவழியில் யாரோ மடையைத் திறந்து தன் வயலுக்குத் திருப்பினால், கடைமடையில் நிற்பவருக்கு வரத்துக் குறையும் அல்லவா? போனில் இருக்கும் டச் சிப்பின் வேலை அந்தக் கடைமடைக்காரரின் வேலைதான். ஒவ்வொரு வாய்க்காலிலும் வழக்கமாக எவ்வளவு வரும் என்று அதற்குத் தெரியும். எந்தச் சந்திப்பில் வரத்துக் குறைந்ததோ, அங்கே விரல் இருக்கிறது. கோடுகள் அத்தனையையும் இப்படி ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதை நொடிக்கு 120 தடவை, 240 தடவை என்று செய்கிறது.

நான் மயங்கி நிற்பது இதற்கு அடுத்த படியில்தான். கோடுகளுக்கு இடையே நாலைந்து மி.மீ. இடைவெளி இருக்கிறது. அப்படியானால் தொட்ட இடமும் நாலு மி.மீ. துல்லியத்தில்தானே தெரிய வேண்டும்? ஆனால் ஒரு மி.மீ.-க்கும் குறைவாக விரலை நகர்த்தினாலும் கேமில் துப்பாக்கியின் குறி நகர்கிறதே, எப்படி?

விரல் தடியாக இருப்பதால். கூரான ஊசி போல இருந்தால் அது ஒரே சந்திப்பில் மட்டும் மின்னேற்றத்தை இழுக்கும். விரல் நுனியோ ஏழெட்டு மி.மீ. அகலத்துக்குப் பரவி, பக்கத்துச் சந்திப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று சந்திப்புகளில் வரத்து 20, 60, 20 என்று குறைந்திருந்தால் விரல் நடுச் சந்திப்பின் மேல் சரியாக இருக்கிறது. விரலைச் சற்றே வலப்பக்கம் நகர்த்துகிறீர்கள். இப்போது 10, 60, 30. இடப்பக்கத்தை மைனஸ் ஒன்று, நடுவைப் பூஜ்ஜியம், வலப்பக்கத்தைப் பிளஸ் ஒன்று என்று வைத்து எடையிட்ட சராசரி எடுத்தால், 30-இல் 10 போக 20. அதை மொத்தம் 100-ஆல் வகுத்தால் 0.2. கோட்டு இடைவெளி 4 மி.மீ. என்றால், விரல் 0.8 மி.மீ. நகர்ந்திருக்கிறது. அளக்கும் கட்டம் பெரிது, அளக்கப்படும் விரல் மொத்தை. இரண்டும் சேர்ந்து நுணுக்கமான விடையைத் தருகின்றன! கடையில் விற்கும் சாதா ஸ்டைலஸின் (திரையைத் தொடும் பேனா) முனை ஏன் ரப்பர் குமிழாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். விரல் அளவுக்கு அகலம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு ஓடாது.

இந்த மாதிரித் தொடுதிரையை விளையாட்டுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1965-இல் இங்கிலாந்தின் ராடார் ஆய்வகம் ஒன்றில் ஜான்சன் என்பவர் இந்த யோசனையை எழுதினார். 1970-களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், புரோட்டான் துகள் முடுக்கியை இயக்கும் அறைக்காக பெண்ட் ஸ்டம்பே என்ற டென்மார்க் பொறியாளர் ஒரு திரையைச் செய்தார். ஆயிரக்கணக்கான பொத்தான்களை வைத்துக்கொண்டு திணற வேண்டாம் என்பதுதான் நோக்கம். 'இதனால் என்ன பயன்' என்று நிதிக் கோப்பில் கேள்வி எழுதும் அதிகாரிகளிடம் இதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அடிப்படை ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் எந்தத் தலைமுறையில், எந்தக் கதவைத் தட்டும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

இப்போது வேர்வை. ஐப்பசி மழையில் திரையில் விழுந்து தனியாக நிற்கும் ஒரு துளியால் பெரிய தொல்லை இல்லை. அதற்குப் பூமியோடு தொடர்பு கிடையாது. மின்னேற்றத்தை இழுத்துப் போக அதற்கு வழியில்லை. சொல்லப்போனால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இணைப்பைக் கூட்டிவிடும். வரத்துக் குறையாமல் கூடினால், 'இது விரல் இல்லை' என்று நல்ல சிப் ஒதுக்கிவிடும். விரல் அந்த ஈரத்தைத் தொட்டுவிட்டால்தான் வினை. அந்த நொடியிலேயே ஈரம் முழுவதும் விரலின் நீட்சி ஆகிவிடுகிறது. வேர்வை உப்புத் தண்ணீர், நன்றாகக் கடத்தும். 10, 60, 30 என்று இருந்த கணக்கு 10, 60, 55 என்று கோணி, குறி பக்கத்துக்கு ஓடுகிறது. கேம் ஆடுபவர்கள் பெருவிரலில் மாட்டும் பிங்கர் ஸ்லீவ் இதற்குத்தான். வெள்ளி பூசிய இழையோ கார்பன் இழையோ சேர்த்து நெய்திருப்பார்கள். வேர்வையைத் துணி உறிஞ்சும், மின்னேற்றத்தை இழை கடத்தும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது பொருத்தமான பொருள்தான், வாங்கலாம்.

அப்பாவின் விரலுக்கு நேர் எதிரான பிரச்சினை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல் நுனியில் தோல் தடித்து, வறண்டு, செத்த அடுக்காக இருக்கும். அது மின்சாரம் கடத்தாது. உள்ளே ஈரமான சதை இருந்தாலும், கண்ணாடிக்கும் அதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது; அதோடு காய்ந்த சேறும் சேர்ந்தால் இடைவெளி இன்னும் கூடும். இடைவெளி கூடக் கூட மின்தேக்குத் திறன் குறையும். 60 குறைய வேண்டிய இடத்தில் 8 குறைந்தால், 'இது வெறும் இரைச்சல்' என்று சிப் தள்ளிவிடும். போனில் 'டச் சென்சிட்டிவிட்டி' அல்லது 'கிளவ் மோட்' இருந்தால் போட்டுக் கொடுங்கள். தடித்த டெம்பர்டு கிளாஸைக் கழற்றுங்கள். விரலை ஈரத் துணியில் ஒற்றித் தொட்டாலும் எடுக்கும். (ரேஷன் கடையில் கைரேகை விழாதது வேறு கதை. அங்கே ரேகையின் மேடு பள்ளமே தேய்ந்துபோயிருக்கும்.) நாற்றுப் பறித்து நட்ட கைகளால் ஒரு போனைச் சோதிக்காமல் அதை நாட்டுக்கே உரிய போன் என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதை ஆராய நம் டெல்டாவின் பொறியியல் கல்லூரிகளைவிடப் பொருத்தமான இடம் எது? அதற்கு ஒரு சின்ன நிதி ஒதுக்கினால் போதும்.

சார்ஜ் போட்டபடி ஆடினால் டச் தானாகத் துள்ளுகிறதா? அப்போது குற்றவாளி சார்ஜர். மலிவான சார்ஜரில் வடிகட்டும் பாகங்களைக் குறைத்திருப்பார்கள். அதனால் போன் தன் மின்னழுத்தத்தை எதிலிருந்து அளக்கிறதோ, அந்தப் 'பூஜ்ஜிய மட்டம்' நொடிக்குப் பல்லாயிரம் தடவை மேலும் கீழும் ஆடும். விரல் தொடும்போது அந்த ஆட்டம் குறுக்குக் கோட்டில் கலந்து, அந்தக் கோடு நெடுகிலும் பொய்த் தொடுகைகள் தோன்றும். வயரைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், சார்ஜரை மாற்றுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அப்படிப்பட்ட சார்ஜரில் போட்ட போனைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே காப்பு போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக, '240-ஐ விட 480 ஹெர்ட்ஸ் டச் உள்ள போன் வாங்கலாமா' என்றும் கேட்டிருக்கிறார். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 240-இல் ஒரு சுற்றுக்கு 4 மில்லிநொடி, 480-இல் 2. லாபம் 2 மில்லிநொடி. சிங்கப்பூர் போய் வர 32 ஆகிறது. நான் 240-ஐயே வாங்குவேன்; மிச்சப் பணத்தில் ஒழுங்கான சார்ஜர் வாங்குவேன்.