21,600 ஜிகாஜூல்: எரிசக்தித் திறன் சட்டத்துக்குள் உங்கள் தொழிற்சாலை வருகிறதா?

பினாங்கின் பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் தொழிற்சாலை நடத்துகிறவர்களிடம் எரிசக்தித் திறன் சட்டமான சட்டம் 861 பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் காதில் விழும். "அது பெரிய கம்பெனிக்கு வந்த சட்டம்" என்பது ஒன்று. "நோட்டீஸ் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். ஒரு வருட பில்களை எடுத்து வைத்துக்கொண்டு கால்குலேட்டரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் சட்டம் என்ன என்று பார்ப்போம். எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2024 என்பது இதன் பெயர். மக்களவையில் 2023 அக்டோபரில் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். நடைமுறைப்படுத்துவது எரிசக்தி ஆணையம், அதாவது கடிதத் தலைப்பில் சுருஹான்ஜாயா தெனாகா என்று நாம் பார்க்கும் அதே அலுவலகம்.

இதற்கு முன்பும் ஒரு விதி இருந்தது. 2008-ஆம் ஆண்டு வந்த அந்த விதி மின்சாரத்தை மட்டும் பார்த்தது. தொடர்ந்து ஆறு மாதங்களுக்குள் 30 லட்சம் யூனிட் தொட்டால் மின்சக்தி நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். பாய்லருக்கு எவ்வளவு கேஸ் போகிறது, டீசல் எவ்வளவு எரிகிறது என்று அது கேட்கவில்லை. புதிய சட்டம் கேட்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 ஜிகாஜூல், அல்லது அதற்கு மேல். அதுதான் வரம்பு. ஜிகாஜூல் என்றதும் மிரள வேண்டாம், எரிசக்தியை அளக்கும் அலகுதான். ஒரு யூனிட் மின்சாரம் 3.6 மெகாஜூல், ஆயிரம் யூனிட் சேர்ந்தால் 3.6 ஜிகாஜூல். மின்சாரம் மட்டுமே பயன்படுத்தும் தொழிற்சாலைக்கு இந்த வரம்பு ஆண்டுக்கு 60 லட்சம் யூனிட், மாதத்துக்குச் சராசரி 5 லட்சம். பழைய விதியின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். அதனால் மின்சாரத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவும் மாறாதது போலத் தெரியும்.

இப்போது ஒரு கற்பனைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். நொறுக்குத் தீனி தயாரிக்கிறார்கள். மாதம் மூன்றரை லட்சம் யூனிட் மின்சாரம். வறுப்பதற்கும் நீராவிக்கும் குழாய் வழி இயற்கை எரிவாயு, மாதம் 600 எம்எம்பிடியு (எரிவாயு பில்லில் வரும் வெப்ப அளவு). பழைய விதிப்படி ஆறு மாத மின்சாரம் 21 லட்சம் யூனிட்தான். அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். புதிய கணக்கில், ஆண்டு மின்சாரம் 42 லட்சம் யூனிட், அது 15,120 ஜிகாஜூல். ஒரு எம்எம்பிடியு 1.055 ஜிகாஜூல் என்பதால் ஆண்டுக்கு 7,200 எம்எம்பிடியு கேஸ் 7,596 ஜிகாஜூல் ஆகிறது. கூட்டினால் 22,716. உள்ளே வந்துவிட்டார்கள்.

டீசல் பாய்லர் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு ஏறக்குறைய 36 மெகாஜூல் என்று வைத்துக்கொண்டால் தோராயக் கணக்குக்குப் போதும். உணவு, ரப்பர், சலவை, சாயம் போன்ற வெப்பம் அதிகம் தேவைப்படும் தொழில்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். ஊசி வார்ப்பு பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கு மின்சார பில் மட்டுமே முக்கால்வாசி பதிலைச் சொல்லிவிடும்.

கட்டடங்களுக்கு இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் மொத்தத் தளப்பரப்பு கொண்ட அலுவலகக் கட்டடங்கள் எரிசக்தி லேபிள் வாங்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் அலுவலகக் கோபுரம் பராமரிக்கிறவர்களின் கவலை அது. தொழிற்சாலைக்காரர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

உள்ளே வந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதிவு பெற்ற எரிசக்தி நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டும். ஆணையத்தின் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதம் அவகாசம். எரிசக்தி நிர்வாக முறை ஒன்றை எழுத்தில் உருவாக்கி நடைமுறைப்படுத்த வேண்டும். ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவு பெற்ற தணிக்கையாளரை வைத்து எரிசக்தித் தணிக்கை நடத்த வேண்டும். செய்யாமல் விட்டால் அது குற்றம், அபராதம் உண்டு.

"இத்தனை சதவீதம் குறைத்தே ஆக வேண்டும்" என்று எல்லாருக்கும் பொதுவான இலக்கு எதையும் சட்டம் வைக்கவில்லை. அளந்து பார், எழுதி வை, ஒரு பொறுப்பாளரை நிறுத்து, திட்டம் போடு, அதன்படி நட என்கிறது. இதைச் சிலர் பல் இல்லாத சட்டம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் நடுத்தரத் தொழிற்சாலைகள் பலவற்றில் மாதக் கடைசியில் வரும் பில் ஒன்றைத் தவிர வேறு அளவே கிடையாது. எந்த மிஷின் எவ்வளவு இழுக்கிறது என்று கேட்டால் மெயின்டனன்ஸ் அண்ணனின் அனுபவம்தான் பதில் சொல்லும். அளவே இல்லாத இடத்தில் சதவீதம் கேட்டால் காகிதத்தில்தான் சதவீதம் வரும்.

நிர்வாகி யார் என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சொந்த ஊழியரையே பயிற்சிக்கு அனுப்பிப் பதிவு செய்ய வைக்கலாம். வெளியிலிருந்து சேவையாகவும் எடுக்கலாம். நுகர்வின் அளவைப் பொறுத்து நிர்வாகியில் இரண்டு வகை உண்டு. அதிக எரிசக்தி செலவழிக்கும் இடத்துக்கு இரண்டாம் வகைக்காரர் தேவை. பதிவுக்குக் கல்வித் தகுதி, அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, தேர்வு எல்லாம் பார்ப்பார்கள்.

என்னைக் கேட்டால் சொந்த ஆளை அனுப்புவதுதான் சரி. வெளி ஆள் மாதம் ஒருமுறை வந்து மீட்டர் எண்ணை வாங்கிக்கொண்டு போவார், அறிக்கை அழகாக வரும். ஆனால் இரவு ஷிப்டில் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) ஏன் இரண்டு ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. பினாங்கில் மெயின்டனன்ஸ் பிரிவுகளில் சார்ஜ்மேனாகவும் (மின் உபகரணங்களுக்குப் பொறுப்பாளர்) டெக்னீஷியனாகவும் பல ஆண்டு வேலை செய்த நம்மவர்கள் நிறைய. தகுதி பொருந்தினால் இது அவர்களுக்கு அடுத்த படி. பத்தோ அதற்கு மேலோ மலேசிய ஊழியர்கள் இருக்கும் நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை, ஊழியர் பயிற்சிக்கான மனிதவள மேம்பாட்டு லெவியாக ஏற்கெனவே கட்டுகின்றன. பயிற்சி நடத்துபவர் அந்த லெவித் திட்டத்தில் பதிந்திருந்தால் கட்டணத்தை லெவிக் கணக்கிலிருந்தே கேட்டு வாங்கலாம். கட்டிய பணம் அங்கே சும்மா கிடப்பதைவிட இது மேல்.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

தணிக்கை என்றவுடன் புதிய சில்லர், புதிய மோட்டார், கூரையில் சோலார் என்று விலைப்பட்டியலோடு ஆள் வருவார்கள். எல்லாம் நல்லதுதான், பிறகு பார்க்கலாம். முதலில், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெசர் இருக்கும் அறைக்குப் போங்கள்.

அழுத்தக் காற்றைப் போல விலை உயர்ந்த எரிசக்தி தொழிற்சாலையில் வேறில்லை. கம்ப்ரெசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, வெப்பமாகவே போய்விடுகிறது. மிஞ்சுவதிலும் ஒரு பங்கு குழாயில் கசிகிறது. பராமரிப்பு சரியில்லாத இடங்களில் தயாரித்த காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவது சாதாரணம்.

மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏழு பார் அழுத்தத்தில் அந்தத் துளை வழியே வெளியேறும் காற்றைத் தயாரிக்கச் சுமார் மூன்று கிலோவாட் மின்சாரம் வேண்டும். கம்ப்ரெசர் நாள் முழுக்க ஓடினால் ஆண்டுக்கு 26,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் 40 சென் என்று குறைத்தே வைத்தாலும் 10,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுகிறது. மிஷினுக்குப் பின்னால், ஹோஸை மாட்டும் கப்ளிங் பக்கத்தில், பிளாஸ்டிக் டேப் சுற்றி விட்ட இடத்தில் கை வைத்தால் இந்தக் காற்று விரலில் படும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரை கட்டிக் கட்டி உடையும்.

மொத்தக் கசிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை. தொழிற்சாலை மூடியிருந்தால் அதுவே நல்ல நாள். உற்பத்தி எதுவும் ஓடாத நேரத்தில் கம்ப்ரெசரை மட்டும் போட்டுவிட்டு, சுமையோடு (காற்றை அழுத்திக்கொண்டு) எவ்வளவு நேரம் ஓடுகிறது, சுமையில்லாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கைப்பேசியில் நேரம் பாருங்கள். இரண்டு நிமிடம் சுமை, ஆறு நிமிடம் ஓய்வு என்றால், எட்டில் இரண்டு: கம்ப்ரெசர் திறனில் 25 சதவீதம் கசிவு. யாருமே காற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் அந்தக் கம்ப்ரெசர் யாருக்காக வேலை செய்கிறது? ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல் பலமுறை நேரம் குறித்துச் சராசரி எடுங்கள். வேகம் மாறும் வகைக் கம்ப்ரெசருக்கு இந்த முறை ஒத்து வராது, அதற்குச் சக்தி அளவைப் பார்க்க வேண்டும். (தைப்பூசத்தன்று வேலைக்கு வரச் சொன்னால் ஆட்கள் முணுமுணுப்பார்கள். காவடி முடிந்த மறுநாளும் மூடியிருக்கிறீர்கள் என்றால் அன்று வையுங்கள்.)

அடுத்தது அழுத்தம். எட்டு பாரில் வைத்தே பழகிவிட்ட தொழிற்சாலையில் மிஷினுக்கு ஆறரை போதும் என்றால், ஒவ்வொரு பார் குறைப்புக்கும் கம்ப்ரெசர் மின்சாரத்தில் 6 அல்லது 7 சதவீதம் மிச்சமாகும். செலவு? ஒரு திருகு. ஆனால் காற்றுக் குழாயின் கடைசியில் இருக்கும் மிஷினுக்கு அழுத்தம் போதவில்லை என்று யாரோ எப்போதோ ஏற்றியிருப்பார்கள். அந்த இடத்துக் குழாயையோ ஃபில்டரையோ சரி செய்யாமல் குறைத்தால் சூப்பர்வைசர் மறுநாளே ஏற்றிவிடுவார். ஏர் கன் வைத்துத் தரையைப் பெருக்குவது, சட்டையில் ஒட்டிய தூசியை ஊதுவது என்ற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது காசுக்கு மட்டும் கேடில்லை, கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து.

மின்விசிறி, பம்ப் பக்கம் வந்தால் ஒரே ஒரு விஷயம்: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிறது. வால்வை மூடி ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் பம்புகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போடுவது அதனால்தான் சீக்கிரம் காசைத் திருப்பித் தருகிறது. சரி, விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்ததே, அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

காசு எங்கிருந்து வரும்?

தணிக்கைக்கு அரசாங்கம் நிபந்தனையோடு கூடிய மானியம் தந்து வருகிறது. தணிக்கைச் செலவை மானியம் ஏற்கும். பதிலுக்கு, தணிக்கை சொன்ன சேமிப்பு நடவடிக்கைகளில் நிறுவனம் குறைந்தது அதே அளவு பணத்தைப் போட வேண்டும். அறிக்கையை வாங்கி அலமாரியில் வைப்பதைத் தடுக்க வைத்த நிபந்தனை அது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. மானியம் ஒதுக்கீடு இருக்கும் வரைதான், விண்ணப்பம் திறக்கும்போது பில்களும் உபகரணப் பட்டியலும் தயாராக இருப்பவர் முன்னால் போவார்.

உபகரணம் வாங்குவதற்குப் பசுமை முதலீட்டு வரிச் சலுகை இருக்கிறது. அதற்கு மைஹிஜாவ் என்ற அரசாங்கப் பசுமைப் பொருள் பதிவேட்டில் உள்ள பொருளாக இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்த பிறகு பதிவேட்டைத் தேடாதீர்கள். வாங்கும் முன்பே விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, நீங்களே சரிபார்த்து, வரிக் கணக்கரிடம் பேசிவிடுங்கள்.

இன்னொரு பக்கம் கட்டணம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் மின்கட்டண முறை மாறியது. உற்பத்தித் தொழில், வணிகம் என்ற பிரிவு போய், எந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் எடுக்கிறீர்கள் என்பதே பிரிவாகிவிட்டது. எரிபொருள் விலைக்கேற்பக் கட்டணம் மாதாமாதம் ஏறி இறங்கும். நேரவாரிக் கட்டணத்தில் உச்ச நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 மணி. சனி, ஞாயிறு முழுக்க உச்சமற்ற நேரம். முன்பு உச்ச நேரம் காலை 8 மணிக்கே தொடங்கிவிடும். குளிர்பதனக் கிடங்கை முன்கூட்டியே குளிரவைப்பது, அரைவை, பேட்டரி சார்ஜ் போன்ற தள்ளிப் போடக்கூடிய வேலைகளைக் காலைக்கு மாற்ற இப்போது நல்ல வாய்ப்பு. இது யூனிட்டைக் குறைக்காது, பில்லைக் குறைக்கும்; அறிக்கையில் இரண்டையும் கலந்து எழுதக் கூடாது.

வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சட்டத்தின் கடமைகள் இல்லை. ஆனால் 19,000, 20,000 ஜிகாஜூல் அளவில் நிற்பவர்கள் புதிய லைன் ஒன்றைப் போட்டாலே உள்ளே வந்துவிடுவார்கள். பத்து காவானிலும் சிம்பாங் அம்பாட்டிலும் விரிவாக்கம் பேசிக்கொண்டிருக்கும் முதலாளிகள், புதிய மிஷினுக்கு மின்சாரம் கேட்டு விண்ணப்பம் எழுதும்போதே துணை மீட்டர்களையும் அதே திட்டத்தில் சேர்த்துவிடுவது நல்லது. கம்ப்ரெசருக்கு ஒன்று, சில்லருக்கு ஒன்று, உற்பத்தி லைன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கட்டி முடித்த பிறகு போர்டைத் திறந்து மீட்டர் போட்டால் செலவும் அதிகம், உற்பத்தியையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

தணிக்கையாளரை எடுக்கும்போது ஆணையத்தின் பதிவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாள் கருவி மாட்டி அளப்பார், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து அளப்பாரா, ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கைத் தருவாரா என்று கேளுங்கள். அவர் உபகரணமும் விற்கிறார் என்றால், விலைப்பட்டியலை வேறு இரண்டு இடங்களிலிருந்து வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.