ப்ரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுனா டிரைவர்ல கை வைக்காதீங்க, முதல்ல ஐபி பாருங்க

ஜூலை கடைசி, இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் வேலை தலைக்கு மேல இருக்கற நேரம், ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து போன். "தம்பி, மறுபடியும் ப்ரிண்டர் ஆஃப்லைன்னு வருது, கொஞ்சம் சீக்கிரம் வாங்க"ன்னு சார் குரலே ஒரு மாதிரி இருந்துச்சு. போய் பார்த்தா ஒரே ப்ரிண்டர் லிஸ்ட்ல மூணு தடவ இருக்கு, காபி 1, காபி 2ன்னு. ஒவ்வொரு தடவ நின்னப்பவும் யாரோ வந்து டிரைவர (ப்ரிண்டர ஓட்டற சாஃப்ட்வேர) திரும்ப ஏத்திட்டு காசு வாங்கிட்டு போயிருக்காங்க. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல.

கம்ப்யூட்டர்ல போர்ட், அதாவது ப்ரிண்டருக்கு அனுப்பற வழி, 192.168.1.7ங்கற ஐபிக்கு (நெட்வொர்க்ல ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கற நம்பர்) இருந்துச்சு, பிங் அடிச்சா, அதாவது அந்த நம்பர்ல யாராவது இருக்கீங்களான்னு கேட்டா, ரிப்ளையும் வருது, அதனாலதான் நெட்வொர்க் நல்லா இருக்குன்னு விட்டுருக்காங்க. நான் ப்ரிண்டர்லயே அதோட செட்டிங்ஸ் காட்டற கான்ஃபிகரேஷன் பேஜ் எடுத்தேன், அதுல 192.168.1.11. அப்போ 7ல பதில் சொல்றது யாரு? எந்த ஐபில எந்த மெஷின்னு காட்டற ஏஆர்பி கமாண்ட் போட்டு மேக் அட்ரஸ் (மெஷினோட நெட்வொர்க் அடையாள எண்) பார்த்து ஒவ்வொண்ணா தேடுனா, அது ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணோட செல்போன்.

நடந்தது இதுதான். ரவுட்டர் ஐபிய சும்மா தூக்கி குடுத்துடாது, லீஸுக்கு தான் விடும், நெறைய ரவுட்டர்ல அது ஒரு நாள். சனிக்கிழம சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டு திங்கக்கிழம ஆன் பண்றதுக்குள்ள லீஸ் முடிஞ்சு அந்த நம்பர் வேற யாருக்கோ போயிடுது, ப்ரிண்டர் புது நம்பர் வாங்கிக்குது, கம்ப்யூட்டர் மட்டும் பழைய நம்பருக்கே அனுப்பிட்டு இருக்கு.

நான் பண்ணது ரவுட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன். கான்ஃபிகரேஷன் பேஜ்லயே மேக் அட்ரஸ் இருக்கும், அத போட்டு 192.168.1.50ன்னு கட்டிப்போட்டுட்டா எத்தன தடவ கரண்ட் போனாலும் அதே நம்பர் தான். ப்ரிண்டர் பேனல்லயே கையால ஐபி போடலாம், ஆனா ரவுட்டர் குடுக்கற நம்பர் வரிசை, அதாவது பூல், 2ல இருந்து 254 வரைக்கும் இருந்தா அதே நம்பர அது இன்னொருத்தருக்கும் குடுத்து ரெண்டும் முட்டிக்கும், அதனால பூல 100ல இருந்து 200ன்னு சுருக்கிட்டு வெளிய உள்ள நம்பரா போடுங்க. பேனல்ல மாஸ்க் கேட்டா 255.255.255.0, கேட்வே கேட்டா ரவுட்டர் ஐபி. அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்த நம்பருக்கு டிசிபி ஐபி போர்ட் புதுசா சேர்த்து, அந்த காபி எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஒருவேள ப்ரிண்டர்ல 169.254ன்னு ஆரம்பிச்சா ரவுட்டர்கிட்ட இருந்து ஐபியே வரலன்னு அர்த்தம், கேபிள பாருங்க.

கெளம்பும்போது சார், "வீட்ல இருந்தே ப்ரிண்ட் குடுக்கற மாதிரி ரவுட்டர்ல போர்ட் திறந்து விடுங்க"ன்னார். மாட்டேன்னுட்டேன். ப்ரிண்டர் வேலைய வாங்கற வாசல் 9100 போர்ட், அதுல பாஸ்வேர்டே கிடையாது, வர்றத அப்படியே அடிக்கும். 2018 நவம்பர்ல ஒருத்தர் இப்படி திறந்து கிடந்த ப்ரிண்டர்களா தேடிப்பிடிச்சு, உலகம் பூரா 50,000 ப்ரிண்டர்ல ஒரு யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ண சொல்லி பேப்பர் வரவச்சதா அவரே சொன்னாரு. அவர் பேப்பரோட விட்டுட்டார். இங்க அந்த மெஷின் வழியா போறது ஊர்க்காரங்க பேன் கார்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். ப்ரிண்டரோட அட்மின் பேஜ பிரவுசர்ல திறந்தா பாஸ்வேர்டே கேக்கல, அன்னைக்கே ஒண்ணு செட் பண்ணிட்டேன், வீட்டுக்கு வேணும்னா விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கு பூட்டுன தனி வழி) போட்டு தரேன்னு சொல்லிட்டு, 192.168.1.50ன்னு ஒரு டேப்ல எழுதி ப்ரிண்டர் மூடி மேல ஒட்டிட்டு வந்தேன்.