சொல் விளக்கம்: ஊதுலைக் கிட்டம்

கட்டடப் பணியிடங்களில் ‘ஸ்லாக்’ என்றும் ‘ஜி.ஜி.பி.எஸ்.’ என்றும் வழங்கும், இரும்பு உலையில் பிரிந்து சிமெண்டோடு கலக்கப்படும் பொருளைத் தமிழில் ‘கசடு’ என்று எழுதுகிறோம். பிழையில்லை, ஆனால் போதாது. கசடு என்றால் அடியில் தங்கும் மண்டி, அழுக்கு, குற்றம். ‘கற்க கசடற’ என்று குறள் நீக்கச் சொல்வதும் அதைத்தான். இன்று கழிவுநீர்த் தொட்டியிலிருந்து லாரியில் உறிஞ்சிச் செல்வதற்கும் அதுவே பெயர். வீட்டுத் தூணில் கசடு கலக்கிறோம் என்றால் யார் சம்மதிப்பார்கள்?

இரும்பை உருக்கும்போது பிரிவதற்கென்றே நம்மிடம் ‘கிட்டம்’ என்ற சொல் இருக்கிறது. வடமொழியிலும் உள்ள சொல்தான். ஆயினும் தமிழ் அகராதிகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. பழைய இரும்புக் கிட்டத்தைச் சித்த மருத்துவர்கள் மண்டூரம் என்பார்கள். தூய்மை செய்து, இரத்தசோகைக்கு மருந்தாக்குவார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கியதற்குச் சான்றாகக் கிடைத்ததும் இதே பொருள்தான்.

‘ஸ்லாக்’ 16ஆம் நூற்றாண்டில் வடஜெர்மானிய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ‘அடி’ என்னும் பொருளுள்ள வினையோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள்: சம்மட்டி அடியில் தெறிக்கும் சில்லு.

ஊதுலையில், அதாவது காற்றை ஊதி இரும்பை உருக்கும் உலையில், தாதுவோடு கல்கரியும் (கோக்) சுண்ணாம்புக்கல்லும் இடுவார்கள். தாதுவிலுள்ள மணற்சத்தைச் சுண்ணாம்பு பற்றிக்கொண்டு உருகி, கனத்த இரும்பின்மேல் மிதக்கும். ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸில் வெளிவரும் அந்தக் குழம்பு மெல்ல ஆறினால் வெறும் கல், ஜல்லிக்கு ஆகும். தண்ணீரைப் பீய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுள்ள குருணை. சுண்ணாம்பு சேர்ந்தால் இது நீரில் இறுகும் என்பதை ஜெர்மனியில் எமில் லாங்கன் 1862இல் கண்டார். குருணையை மாவாக அரைத்ததே ஜி.ஜி.பி.எஸ்.; ‘ஊதுலைக் கிட்டத்தூள்’ என்பது பொருத்தமாக இருக்கும். ‘கிட்ட’ என்றால் அருகில் என்று மயங்க இடமுண்டு, ஆகவே ‘ஊதுலை’ என்ற அடையை விடக்கூடாது.

சிமெண்ட் நீரோடு வினைபுரிகையில் உண்டாகும் சுண்ணாம்பை இத்தூள் வாங்கிக்கொண்டு, மேலும் பசையாகி நுண்துளைகளை அடைக்கிறது. கடற்காற்றின் உப்பு உள்ளிருக்கும் கம்பியை எட்டுவது வெகுவாகத் தாமதப்படும். கடலோரத்தில் கட்டுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிமெண்டாக அரைபடும் சுட்ட உருண்டையான கிளிங்கரை ஒரு டன் சுட்டெடுத்தால் சுமார் 800 முதல் 900 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த இடத்தில் கிட்டத்தூள் சேரும் அளவுக்கு அது குறையும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 455, கிட்டம் கலந்த சிமெண்டில் 25 முதல் 70 விழுக்காடு வரை கிட்டத்தை அனுமதிக்கிறது.

ஆனால் முதல் சில நாட்களில் வலு மெதுவாகத்தான் ஏறும். கான்கிரீட் காயாமலிருக்கப் போர்த்தும் ஈரச் சாக்கை அவசரப்பட்டு எடுத்துவிடக்கூடாது.

இக்கான்கிரீட்டின் சோதனைக் கட்டியை உடைத்தால் உள்ளே நீலப்பச்சை தெரியும். கலப்படம் என்று பதற வேண்டாம். கிட்டத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் தரும் நிறம் அது. காற்றுப் பட்டால் மெல்ல வெளுத்துவிடும்.