லோ கார்பன் டிசைன்: குறை உமிழ்வு வடிவமைப்பு

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுப் பட்டறை ஒன்றில் ‘லோ கார்பன்’ என்று கேட்டால் எஃகுக் கம்பியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கரிமம் ஏறத்தாழ 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும், வளைக்கவும் வெல்டிங் செய்யவும் இணங்கும் எஃகு அது. பம்பு வார்க்கும் வார்ப்பிரும்பில் கரிமம் 2 முதல் 4 விழுக்காடு. வாளையாற்றுக்கு இந்தப் பக்கம் கோவை பவுண்டரிகளிலும் இதே வழக்குதான்.

நான் தமிழ்ச் சொல் தேடும் ‘லோ கார்பன் டிசைன்’ வேறு சங்கதி. உலோகத்துக்குள் இருக்கும் கரிமம் இங்கே கணக்கில் இல்லை. ஒரு பொருளைச் செய்யும்போதும் பயன்படுத்தும்போதும் அதன் பேரால் காற்றில் கலக்கும் வாயுதான் கணக்கு. நிலக்கரி உலையில் பிறந்த லோ கார்பன் எஃகு, இந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்காது. அதனால்தான் ‘தாழ்கரிம வடிவமைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. பட்டறைக்காரர் அதைத் தவறாகவே புரிந்துகொள்வார். தவறு அவருடையது அன்று.

கார்பனின் வேர் லத்தீன் ‘கார்போ’, பொருள், கரி. பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே 1789இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் அது ‘கார்போன்’ என்று இடம்பெற்றது. தமிழிலும் கரியிலிருந்தே கரிமம் வந்தது. மலையாளத்திலும் கரி கரிதான். சூழலியல் பேச்சிலோ ‘கார்பன்’ வெறும் சுருக்கெழுத்து. கரியமில வாயுவோடு மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்றவற்றையும் அதற்கு ஈடாக மாற்றிக் கூட்டிய எடையை அது குறிக்கிறது. 12 கிராம் கரிமம் முழுதாக எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு. ஆகவே ‘ஒரு டன் கார்பன்’ என்று எழுதுபவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டே ஆக வேண்டும். ‘உமிழ்வு’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இந்த வடிவமைப்பு ‘கான்செப்ட்’ கட்டத்திலேயே தொடங்கவேண்டும் என்பதால் அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘கான்செப்ட்’ என்பதற்குக் கருத்துரு என்கிறோம். பாலக்காட்டுப் பக்கம் ‘ஆசயம்’ என்பார்கள், டிசைனுக்கு ‘ரூபகல்பன’. லத்தீன் மூலத்துக்கும் கருக்கொள்ளுதல் என்ற பொருள் உண்டு என்பதால் ‘கருநிலை’ எனக்குப் பிடித்திருக்கிறது. வரைபடம் இல்லை, அச்சு வெட்டவில்லை, எடையும் தெரியாது. பொருள் எதைச் செய்யவேண்டும் என்பது மட்டும் பேசப்படும் கட்டம் அது.

ஒரு பொருளின் சூழல் பாதிப்பில் 80 விழுக்காடு வரை வடிவமைப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் சொல்லிவருகிறது. அந்த எண்ணை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 5 குதிரைத்திறன் பம்பு ஒன்றைப் பாருங்கள். ஏறத்தாழ 3.7 கிலோவாட். ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால், இழப்புகளைச் சேர்க்காமலே 3,700 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு என்று வைத்தால் ஆண்டுக்கு 2,600 கிலோ, பத்தாண்டில் 26 டன். அந்தப் பம்பின் எடையோ நூறு கிலோவைத் தொடுவதே அரிது. கேசிங்கில், அதாவது பம்பின் வெளிக்கூட்டில், இரண்டு கிலோ இரும்பைக் குறைக்கத் தலையை உடைத்துக்கொள்வதைவிட, நீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் வளைவையும் கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ற மோட்டாரையும் முதலில் யோசிப்பதே பயன் தரும். அச்சு செய்த பிறகு வளைவை மாற்ற முதலாளி சம்மதிக்க மாட்டார்.

ஆகவே இரண்டு துணைச்சொற்கள் வேண்டும். தாதுவை வெட்டியதிலிருந்து பொருள் கடைக்கு வரும்வரை சேர்வது உள்ளுறை உமிழ்வு. (‘உள்ளுறை’ தொல்காப்பியத்துச் சொல், உவமத்துக்கு உதவியது இரும்புக்கும் உதவட்டும்.) ஓடும்போது சேர்வது பயன்பாட்டு உமிழ்வு. முழுத்தொடர்: கருநிலைக் குறை உமிழ்வு வடிவமைப்பு. பேச்சில் ‘குறை உமிழ்வு வடிவமைப்பு’ போதும்.

பம்பில் பயன்பாட்டு உமிழ்வு மேலோங்குகிறது. மின்சாரமே வேண்டாத அலுமினிய ஏணியில் நிலைமை தலைகீழ்: அங்கே உள்ளுறை உமிழ்வுதான் பெரும்பகுதி. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு போதும் என்பதால், ஏணிக்குக் கருநிலையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதே.