சேற்றை இழுக்காத பாலம்

கேரளத்தின் தென்கோடியில், பூவாறில் நெய்யாறு கடலைச் சேரும் இடத்தில் கரை என்று எதையும் நம்ப முடியாது. மணல்திட்டு எழும்பினால் பொழி, அதாவது ஆற்றின் வாய், அடையும், மழைவெள்ளம் வந்தால் பொழி முறியும். போன வருஷம் மணலாகக் கிடந்த இடம் இந்த வருஷம் தண்ணீராக இருக்கும். நீரோடி, கொல்லங்கோடு பக்கத்து மீனவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. பாலம் கட்டுகிற என்ஜினியருக்கோ தலைவலி.

ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் தள்ளிய மணலும் அடுக்கடுக்காகப் படிந்ததுதான் பொழிமுகம். உறுதியான நிலம் தட்டுப்பட வெகு ஆழம் போக வேண்டியிருக்கும். தண்ணீருக்குள் தூண் நட்டால், ஓட்டம் அதைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை அரித்துவிடும். பெரிய ஆறாக இருந்தால் கப்பலுக்கும் வழி விட வேண்டும். ஆகவே தூண்களைக் குறைக்க வேண்டும். தூண் குறையக் குறைய இடைவெளி கூடும்.

நீண்ட இடைவெளி என்றதும் தொங்குபாலம் நினைவுக்கு வரும். செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறவர்கள் புனலூரில் கல்லடையாற்றின் மேல் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். 1877இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் சங்கிலிகள் கற்கோபுரங்களின் மேல் ஏறி இறங்கி, இரு கரையிலும் மண்ணுக்குள் புதைந்து பூட்டப்பட்டிருக்கின்றன. பாலத்தின் இழுப்பு முழுவதையும் கடைசியில் பிடித்துக்கொண்டிருப்பது கரைதான். கெட்டியான தரை இருந்தால் சரி. வண்டலில் பைல் என்னும் நீளமான அடித்தூண்களை ஆழமாக இறக்கினால் கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்க வைக்கலாம். ஆனால் பக்கவாட்டில் இழுபடும் கயிற்றை அந்தச் சேற்றில் கட்டிவைக்க மலை போலக் கான்கிரீட் கொட்ட வேண்டும்.

கேபிள் பாலம் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. இங்கே கேபிள்கள் கோபுரத்திலிருந்து நேராக, சாய்வாக இறங்கிச் சாலைத்தளத்தையே பிடிக்கின்றன. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கைக்கு ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பாருங்கள். சீக்கிரமே கை தொய்ந்துவிடும். தலையில் சும்மாடு வைத்து, அதன் மேலாக ஒரு கயிற்றைப் போட்டு இரண்டு முழங்கையிலும் இறுக்கிக் கட்டினால் கை நிற்கும். இப்போது இரண்டு கைகளும் தோளை நோக்கி உள்ளே நெருக்கப்படுவது தெரியும். பாரத்தைத் தூக்கும் கயிறு, கையை உள்பக்கம் தள்ளவும் செய்கிறது. வலப்பக்கத் தள்ளலும் இடப்பக்கத் தள்ளலும் உடம்புக்குள்ளேயே முட்டித் தீர்ந்துவிடுகின்றன. காலுக்குப் போவது எடை மட்டும். இதில் தலைதான் கோபுரம், கைதான் சாலைத்தளம்.

கணக்குப் போட்டால் அந்த நெருக்கல் எவ்வளவு என்று தெரியும். கோபுரங்களுக்கு இடையே 360 மீட்டர், தளத்துக்கு மேல் கோபுர உயரம் 72 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவரை எட்டும் கடைசிக் கேபிள் ஏறக்குறைய 22 பாகைச் சாய்வில் இருக்கும். அது தளத்தில் 100 டன்னைத் தூக்க வேண்டுமென்றால் தானே சுமார் 270 டன் இழுவிசையில் நிற்க வேண்டும். அதில் 250 டன், தளத்தைக் கோபுரத்தை நோக்கி அழுத்தும். தொங்குபாலத்தில் கரைக்குப் போயிருக்க வேண்டிய விசையை இங்கே தளமே வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் தாங்குவதில் கான்கிரீட் கெட்டிக்காரன். கோபுரத்தைக் குட்டையாக்கினால் கேபிள் படுத்துக்கொள்ளும், விசை எகிறும். அதனால்தான் அவ்வளவு உயரம்.

சேறு முழுக்கத் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. நடுவில் லாரிகள் வரிசையாக நின்றால் கோபுரத்தின் தலை உள்பக்கம் சாயப் பார்க்கும். பின்னால் கரைப்பக்கம் இறங்கும் கேபிள்கள் அதை இழுத்துப் பிடிக்கும்போது, கடைசித் தூணின் மேல் இருக்கும் தளம் மேலே கிளம்பப் பார்க்கும். அங்கே கூடுதல் எடை வைப்பார்கள், அல்லது தூணோடு சேர்த்துக் கட்டுவார்கள்.

360 மீட்டர் என்றதற்குக் காரணம் உண்டு. களியக்காவிளை வழியே போகும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் கோவாவில் ஜுவாரி ஆற்றின் கழிமுகம் வரும். அங்கே 2022 இறுதியில் ஒரு பாதி திறக்கப்பட்ட புதிய கேபிள் பாலத்தின் நடு இடைவெளி அதுதான். பூவாறு போன்ற சின்ன ஆற்றுக்கு இது தேவையில்லை. தூண்களின் மேல் உத்தரம் போட்ட சாதாரணப் பாலமே மலிவாக முடியும். இரவில் கலர் விளக்குப் போட்டுப் படமெடுக்க வேண்டும் என்பதற்காகச் சின்ன நீர்நிலைகளிலும் கேபிள் கட்டுவது, என்னைக் கேட்டால், பணத்துக்குப் பிடித்த கேடு.

கட்டுகிற முறையும் பொழிமுகத்துக்குப் பொருத்தம். தண்ணீரில் சாரம் வேண்டாம். கோபுரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டாகத் தளத்தை நீட்டி, அந்தந்தத் துண்டுக்குக் கேபிள் மாட்டிக்கொண்டே போவார்கள். இரண்டு கோபுரத்திலிருந்தும் வரும் தளங்கள் நடுவில் இணையும் வரை காற்று பலமாக அடித்தால் பயம்தான்.

கேபிளுக்குள் இருப்பவை எஃகு இழைகள். ஏழு கம்பிகளை முறுக்கிய, 15.7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இழை அறுபட ஏறக்குறைய 28 டன் வேண்டும். வேலை வாங்குவது அதில் பாதிக்கும் கீழே. மேலே சொன்ன 270 டன்னுக்கு இருபத்திரண்டு இழை போதும். உப்புக்காற்றுதான் இவற்றின் எதிரி. இழைக்குத் துத்தநாகப் பூச்சு, மெழுகு, பிளாஸ்டிக் உறை என்று வரிசையாகக் காவல் போட்டு, எல்லாவற்றையும் ஒரு குழாய்க்குள் விடுகிறார்கள். இத்தாலியின் ஜெனோவாவில் 1967இல் திறந்த பாலத்தில் கோபுரத்துக்கு நான்கே கேபிள். அவற்றையும் கான்கிரீட்டுக்குள் பொதிந்திருந்தார்கள். உள்ளே நடந்த அரிப்பு வெளியே தெரியவில்லை. 2018 ஆகஸ்ட் 14 அன்று அது இடிந்து 43 பேர் இறந்தார்கள். இன்று மெல்லிய கேபிள்களைப் பலவாகப் போடுகிறார்கள். ஒன்று அறுந்தாலும் பாலம் நிற்க வேண்டும், பழசை உருவிப் புதிதை மாட்ட முடிய வேண்டும் என்பது விதி.

இன்னொரு தொல்லை நம் மழைக்காலத்துக்குரியது. 1980களில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் மெய்கோ நிஷி பாலத்தைக் கட்டியபோது, புயல் ஏதுமில்லாத நடுத்தரக் காற்றில், மழை பெய்யும்போது மட்டும் கேபிள்கள் ஆடுவதைக் கவனித்தார்கள். குழாயின் மேல்பக்கம் கோடாக ஓடும் மழைநீர் அதன் உருண்டை வடிவத்தையே மாற்றிவிடுகிறது. காற்று அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டுகிறது. இதற்காகத்தான் இப்போதைய குழாய்களின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் மெல்லிய வரம்பு ஒன்றை வைக்கிறார்கள். தண்ணீர் ஒரே கோடாக ஓட அது விடாது. அதையும் மீறி ஆடினால் அடக்க, தளத்துக்குச் சற்று மேலே கேபிளைப் பிடித்தபடி அதிர்வடக்கிகள் இருக்கும்.