‘மே நாட்’ என்று எழுதும் முன்: மருத்துவ ஆங்கிலத்தில் சாத்தியத்தைச் சொல்வது பற்றி

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வாக அவர்கள் எழுதும் ஓஇடியின் எழுத்துப் பகுதியில், 45 நிமிடங்களுக்குள் ஒரு நோயாளியின் குறிப்புகளை வாசித்து, அவரை அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவருக்கோ செவிலியருக்கோ கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதங்களில் எழுத்துப் பிழைகளைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துபவை, பிழையே இல்லாதவை போலத் தோன்றும் சில வாக்கியங்கள்தாம். அவற்றில் பெரும்பாலானவை மே, மைட், கேன், குட், மஸ்ட் ஆகிய துணைவினைகளைச் சுற்றியே அமைகின்றன.

நீரிழிவு உள்ள ஒரு முதியவரைப் பற்றிய வாக்கியம் இது: ‘ஹி மே நாட் ஈட் ஹிஸ் பிரேக்ஃபாஸ்ட்.’ எழுதிய செவிலியர் சொல்ல நினைத்தது, அவருக்குப் பசி குறைந்துவிட்டது, காலை உணவைச் சாப்பிடாமல் விட்டுவிடக்கூடும், ஆகவே இன்சுலின் போடும் முன் கவனியுங்கள் என்பது. ஆனால் இதே வாக்கியத்தை, அவர் காலை உணவு சாப்பிடக்கூடாது என்ற தடையாகவும் ஆங்கிலத்தில் வாசிக்க முடியும். முதல் பொருளில் வாசிப்பவர் உணவைக் கொடுத்துப் பார்ப்பார். இரண்டாம் பொருளில் வாசிப்பவர் தட்டை எடுத்துச் சென்றுவிடுவார். இன்சுலின் போட்டுக்கொண்ட ஒருவர் உண்ணாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும் என்பதைச் செவிலியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மே என்பது உறுதிப்பொருளில் வரும்போது இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரிவதில்லை. எதிர்மறை சேர்ந்தவுடன்தான் அனுமதி மறுப்பும் ஐயமும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன. தமிழில் ‘சாப்பிடாமல் இருக்கலாம்’ என்பதும் ‘சாப்பிடக்கூடாது’ என்பதும் வேறு வேறு வடிவங்கள் என்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. வராத காரணத்தினாலேயே ஆங்கிலத்தில் அதை எதிர்பார்க்கவும் மாட்டோம். ஐயத்தைச் சொல்ல ‘மைட் நாட்’ என்றும், தடையைச் சொல்ல ‘மஸ்ட் நாட்’ என்றும் பிரித்து எழுதும்படி என் மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் ‘மே நாட்’டை மருத்துவக் குறிப்புகளில் தவிர்த்துவிடுவதே நல்லது.

இதற்கு அடுத்தபடியாக வருவது ‘இருக்க முடியாது’ என்ற முடிவு. ‘இட் மஸ்ட் பி அன் இன்ஃபெக்‌ஷன்’ என்றால், அறிகுறிகளைப் பார்த்து, தொற்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறோம். இதன் எதிர்மறை ‘மஸ்ட் நாட் பி’ அன்று, ‘காண்ட் பி’. தொற்றாக இருக்க வாய்ப்பே இல்லை என்பது ‘காண்ட் பி’. தொற்றாக இல்லாமலும் இருக்கலாம் என்பது ‘மைட் நாட் பி’. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒரு பரிசோதனையைச் செய்வதற்கும் கைவிடுவதற்கும் இடையிலுள்ள தொலைவாகும்.

பயிற்சி மையங்கள் சிலவற்றில், மே என்றால் 50 விழுக்காடு வாய்ப்பு, மைட் என்றால் 30 விழுக்காடு என்று ஒரு அட்டவணை கொடுக்கிறார்கள். அப்படி எந்த அளவுகோலும் ஆங்கிலத்தில் இல்லை. மைட் சற்றுத் தயக்கமாக ஒலிக்கலாம், அவ்வளவுதான்.

கேன் என்பதற்கும் மே என்பதற்கும் உள்ள வேறுபாடு உண்மையிலேயே பயனுள்ளது. ‘ஸ்டெராய்ட்ஸ் கேன் ரெய்ஸ் பிளட் ஷுகர்’ என்பது அம்மருந்துகளின் பொது இயல்பைச் சொல்கிறது. இந்த நோயாளிக்கு இன்றிரவு சர்க்கரை கூடக்கூடும் என்று எச்சரிக்க வேண்டுமானால் ‘ஹிஸ் ஷுகர் மே கோ அப் டுநைட்’ என்றுதான் எழுத வேண்டும். அங்கே கேன் பொருந்தாது. பொது இயல்பு ஒன்றை இந்த ஒருவருக்கான முன்னறிவிப்பாகவும், இந்த ஒருவருக்கான எச்சரிக்கையைப் பாடநூல் செய்தியாகவும் மாற்றிவிடுவது இந்த ஒரு சொல்லால் நிகழ்ந்துவிடுகிறது.

தமிழர்களாகிய நாம் மிகவும் தடுமாறுவது கடந்தகாலத்தில். ‘அந்த அம்மா மாத்திரை எடுத்திருக்கலாம்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு: ஒருவேளை எடுத்திருப்பார், அல்லது எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எடுக்கவில்லை. பேச்சில் குரலும் சூழலும் எந்தப் பொருள் என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் ‘குட் ஹாவ் டேக்கன்’ என்பதும் இதே போல இரு பக்கமும் சாய்வது. ‘மே ஹாவ் டேக்கன்’ என்பதோ ஐயத்தை மட்டும் சொல்வது. அந்த மாத்திரை பாராசிட்டமால் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. ‘ஷி மே ஹாவ் டேக்கன் டூ டேப்லெட்ஸ் அட் ஹோம்’ என்று வாசிக்கும் இரவுப் பணிச் செவிலியர், எப்போது எடுத்தார் என்று கேட்ட பிறகே அடுத்த வேளையைக் கொடுப்பார். ‘குட் ஹாவ்’ என்று வாசிப்பவர், எடுக்கவில்லை என்று கொண்டுவிட இடமுண்டு.

இதைவிடக் கடினமானது ‘எடுத்திருக்க வேண்டும்’ என்பது. அறைக்குச் சென்று பார்த்தால் மாத்திரை அட்டை காலியாக இருக்கிறது. ஆகவே எடுத்திருக்க வேண்டும். இது ஊகம், ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹாவ் டேக்கன்’. காலையிலேயே எடுத்திருக்க வேண்டும், ஆனால் மறந்துவிட்டார். இது நிகழாத கடமை, ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹாவ் டேக்கன்’. தமிழ் வடிவம் ஒன்றே என்பதால், ஊகத்தைச் சொல்ல நினைத்து ‘ஷுட் ஹாவ்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவருக்கு, மருந்து எடுக்கப்பட்டதாக எழுதியவர் நம்புகிறார் என்ற செய்தியே சென்று சேர்வதில்லை. ஊகம் எதுவாயினும், கண்டது என்ன என்பதை முதலில் எழுதிவிடுவது பாதுகாப்பானது. தரையில் கிடந்த நோயாளியைப் பற்றி ‘மஸ்ட் ஹாவ் ஸ்லிப்ட்’ (வழுக்கி விழுந்திருக்க வேண்டும்) என்று மட்டும் எழுதினால், மயங்கி விழுந்திருக்கக்கூடும் என்ற கேள்வி எழாமலேயே போய்விடலாம்.

அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது, அதை மாற்றுவது எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது. நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்தில் ‘மே’ என்பது பணிவான கட்டளை. ‘தி ஃபைல் மே பி புட் அப்’ என்றால் கோப்பை வைக்க வேண்டும் என்றே பொருள். அந்த வழக்கில் ஊறியவர் ‘ஆக்ஸிஜன் மே பி கிவன்’ என்று எழுதுகிறார். கொடுங்கள் என்பதே அவர் கருத்து. பிரிட்டனில் வாசிப்பவருக்கோ அது, தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்ற அனுமதியாகவே தெரியும். செய்ய வேண்டியதை ‘ப்ளீஸ் கிவ்’ என்று நேராக எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பக்கவிளைவுகளுக்கு முன் வரும் ‘மே காஸ்’ (உண்டாக்கக்கூடும்) என்ற சொற்களைக் கண்டு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மே என்ற சொல் எத்தனை பேருக்கு என்று சொல்வதில்லை. ஐரோப்பிய நாடுகளின் மருந்துத் தாள்களில் அதனாலேயே எண்ணும் சேர்த்துத் தருகிறார்கள்: 10 பேரில் ஒருவருக்கும் மேல் வரக்கூடியது மிகப் பரவலானது, 10 பேரில் ஒருவர் வரை வரக்கூடியது பரவலானது, 1,000 பேரில் ஒருவர் வரை வரக்கூடியது அரிது, 10,000 பேரில் ஒருவர் வரை வரக்கூடியது மிக அரிது. எண் இல்லாத தாளாக இருந்தால் மருந்தாளுநரிடம் எவ்வளவு பேருக்கு வரும் என்று கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்கேன் அறிக்கைகளில் வரும் ‘கேனாட் பி எக்ஸ்க்ளூடட்’ என்ற தொடரும் இதே போலத்தான் வீட்டாரை அலைக்கழிக்கிறது. ஒரு நோயின் பெயருக்குப் பின் இத்தொடர் இருந்தால், அந்த நோய் இருக்கிறது என்று அறிக்கை சொல்லவில்லை. இந்தப் படத்தை மட்டும் வைத்து அது இல்லை என்று சொல்லிவிட முடியவில்லை என்கிறது. அந்த வரியைக் காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: இதை உறுதிசெய்ய அடுத்து எந்தப் பரிசோதனை தேவை, அதை எத்தனை நாட்களுக்குள் செய்ய வேண்டும், அதுவரை எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்.