பீடியை விட நினைப்பவருக்கு அரசு தரும் உதவி: கேட்டு வாங்குங்கள்

ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவரோ, தேவகோட்டையில் கடை வைத்திருப்பவரோ, இருமலுக்காக அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே போனால் "பீடி, சிகரெட் உண்டா?" என்று கேட்பார்கள். உண்டு என்றால், "விட்ருங்கய்யா." பல இடங்களில் பேச்சு அதோடு சரி.

முறைப்படி அது தொடக்கம்தான். தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-08இல் வந்தது. மாவட்ட அளவில் ஆலோசனை மையம், மருந்து, ஊழியர்களுக்குப் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. மருத்துவரோ செவிலியரோ செய்ய வேண்டியவை ஐந்து: பழக்கத்தைக் கேட்பது, விடச் சொல்வது, விட மனம் இருக்கிறதா என்று பார்ப்பது, வழி காட்டுவது, மறுபடி வரச் சொல்வது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஓராண்டில் மருத்துவரிடம் போன புகைப்பவர்களில் விடச் சொல்லிக் கேட்டவர்களே பாதிக்கும் சற்றுக் குறைவு. இரண்டாவது படியே இப்படி என்றால், கடைசி இரண்டைப் பற்றி என்ன சொல்ல? கூட்டம் ஒரு காரணம். பயிற்சிக் குறைவுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு, பீடியை விடத் தரும் மருந்தான நிகோட்டின் சூயிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிகோட்டின் என்பது புகையிலையில் பழக்கத்தை ஒட்டவைக்கும் பொருள். 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு. தூங்கி எழுந்து அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவருக்குப் பெரும்பாலும் 4 தேவைப்படும். ஆகவே "காலையில் முதல் பீடி எப்போது?" என்று கேட்காமல் அளவைத் தீர்மானிக்க முடியாது. அதை மிட்டாய் போல மென்று தள்ளவும் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனபின் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காப்பி ஆகாது. நிகோட்டின் வாயில் சரியாக ஏறாது. நம்மூரில் காப்பியும் பீடியும் ஜோடி, இதைச் சொல்லாமல் கொடுத்தால் "மருந்து வேலை செய்யல" என்றுதான் திரும்பி வருவார்.

ஆகவே நீங்களே கேளுங்கள்: "புகையிலையை விடுறதுக்கு ஆலோசனை எந்த அறையில?" மறுபடி வரும் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். நடுவில் ஒன்று பற்றவைத்துவிட்டாலும் அந்தத் தேதிக்குப் போங்கள். முதல் சில வாரங்கள்தான் கடினம்.

போக முடியாதவர்களுக்கு 1800-11-2356. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் ஆச்சிமார்களுக்கும் அதே எண்தான்.